புது விஜிஏவும் பழைய பவர் சப்ளையும்

2024 ஆவணி மாதம். பம்பலப்பிட்டியில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவை எடிட் பண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று கமரா, மூன்றும் 4கே. தாலி கட்டும் இடத்துக்கு நிறம் சரிசெய்து, அதன் மேல் ஒரு எஃபெக்ட் போட்டதும் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் நின்றுவிட்டது. ஜிபியு மெமரி, அதாவது கிராபிக்ஸ் கார்டின் மெமரி, நிறைந்துவிட்டது என்று ஒரு செய்தி. மூடித் திறந்தால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு திரும்பவும் அதே செய்தி. பெண் வீட்டார் கனடாவுக்குத் திரும்ப ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்தக் கொம்பியூட்டரை 2019 இல் நானே பூட்டினேன். ரைசன் 5 2600, பி450 போர்ட், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்ட். அந்தக் கார்டில் 4 ஜிபி மெமரி. முழு எச்டி வீடியோவுக்கு அது தாராளம். மாற்ற வேண்டும் என்று 2021 இலேயே நினைத்தேன். அப்போது கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் விலை கிட்டவே போக முடியாமல் இருந்தது. 2022 இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில் விஜிஏ பற்றி யார் யோசிப்பார்கள்? அப்படியே தள்ளிப்போனது.

கொழும்பில் கிராபிக்ஸ் கார்டுக்கு விஜிஏ என்றுதான் பெயர். கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். உண்மையில் அது 1987 இல் ஐபிஎம் கொண்டுவந்த திரைத் தரம் ஒன்றின் பெயர். இன்றைய கார்டுகளில் அந்த நீல நிற விஜிஏ வாயே கிடையாது. எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். வீட்டில் பழைய மொனிட்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நீல வயர் மட்டுமே போகிற மொனிட்டர் என்றால், சிக்னலையே மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும்.

சரி, எந்தக் கார்ட்? என் கையில் 80,000 ரூபாய் இருந்தது. அந்தக் காசுக்குள் எனக்கு வேண்டியது வேகத்தைவிட மெமரி. விளையாட்டுக்காக வாங்குபவர்களுக்கு அப்போது ஆர்எக்ஸ் 6600 நல்ல தெரிவு. 8 ஜிபி மெமரி, 132 வாட்தான் குடிக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிடக் குறைவு, 115 வாட். ஆனால் இந்த இரண்டு கார்டுகளும், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் எட்டுப் பாதைகளை மட்டுமே பாவிப்பவை. என் போர்ட் மூன்றாம் தலைமுறை. நான்காம் தலைமுறை போர்டில் எட்டுப் பாதை போதும். மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. விளையாட்டில் பெரிதாகத் தெரியாது, ஆனால் கார்டின் மெமரி நிறைந்து ராமுக்கும் கார்டுக்கும் இடையே தரவு ஓடத் தொடங்கினால் தெரியும். என் பிரச்சினையே மெமரி நிறைவதுதானே. அதனால் பதினாறு பாதையும் 12 ஜிபி மெமரியும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 என்று முடிவெடுத்தேன். என் காசுக்குப் புதிது கிடைக்காது. பாவித்தது பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் 2022 கடைசியில் வந்தது. மெமரி மட்டும் குறைவில்லை. 12 ஜிபி கார்டில் மெமரிக்குப் போகும் பாதை 192 பிட், இதில் 128 பிட். விற்பவர்கள் ஏமாற்ற வேண்டும் என்றில்லை, அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். விளம்பரத்தில் 3060 என்று மட்டும் போட்டிருந்தால், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மெமரி அளவு, பிட் அளவு எல்லாம் அதில் தெரியும். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் ஏற்றி விற்கும் போலிகளையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். படம் அனுப்ப மறுத்த இரண்டு பேரை நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆள் தெஹிவளையில். கம்பஸில் படிக்கும் சிங்களப் பிள்ளை. படமும் அனுப்பினார், வீட்டுக்கே வந்து பார்க்கச் சொன்னார். வெள்ளவத்தையிலிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பழகுகிறவன், என்னைவிட அவனுக்குத்தான் கார்டில் கண்.

பாவித்த விஜிஏ வாங்கப் போகும்போது போனில் டோர்ச் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் பார்த்தது பின்பக்கத் தகடு. எச்டிஎம்ஐ வாய்களைச் சுற்றி துரு இருக்கிறதா, செம்புக் குழாய்களில் பச்சை பிடித்திருக்கிறதா, திருகாணித் தலைகள் கழற்றி மாட்டியதுபோல் தேய்ந்திருக்கின்றனவா. கொழும்பில் கடலோரம் இருப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் திறந்து வைத்த வீட்டில் ஒரு மெஷின் மூன்று வருடம் இருந்தால், உப்புக் காற்று அதில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும். நம் கடைகளின் வாரண்டித் தாள்களில் துருவும் எரிந்த அடையாளமும் அடங்காது என்று எழுதியிருப்பதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். வாரண்டி மிச்சம் இருக்கிறது என்று சொல்லி விற்கும் கார்டில் துரு இருந்தால் அந்த வாரண்டி வெறும் ஸ்டிக்கர்தான்.

அடுத்தது, மைனிங்கில் ஓடிய கார்டா என்ற கேள்வி. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 ஆம் திகதி வேறு முறைக்கு மாறியது. அதன் பிறகு விஜிஏ வைத்து அதை மைனிங் செய்ய முடியாது. அந்தக் கார்டுகளில் பல சந்தைக்குத்தான் வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இரவு பகல் ஒரே சூட்டில் ஓடிய சிப், சூடாகிச் சூடாகி ஆறியதைவிட நன்றாகக்கூட இருக்கலாம். தேய்வது ஃபேன்களும், மெமரியின் சூட்டைக் கடத்த அதன் மேல் ஒட்டியிருக்கும் தேர்மல் பேடுகளும். ஆகவே ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். கார்டை முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு, சூட்டைப் பாருங்கள். சராசரிச் சூட்டுக்கும் மிகச் சூடான புள்ளிக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பாருங்கள். தெஹிவளையில் 71 பாகை, சூடான புள்ளி 84. பதின்மூன்று பாகை வித்தியாசம் நல்லது. முப்பதுக்கு மேல் போனால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது யாரோ திறந்து சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளை இருபது நிமிடமும் முகம் சுளிக்காமல் இருந்தார். அவருடைய அம்மா பிளேன் டீ தந்தார். 72,000 ரூபாய்க்குக் கார்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

நீளத்தை முன்பே அளந்திருந்தேன். என் கேசிங்கில் பின்தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் பெட்டி வரைக்கும் 26 சென்ரிமீற்றர். மூன்று ஃபேன் கார்டுகள் 28, 30 என்று போகும். இது இரண்டு ஃபேன், 24 சென்ரிமீற்றர். அளவு நாடா ஒன்று போதும் இந்த வேலைக்கு. தகட்டுக்கு மேலே பவர் வயர் வளைய இடம் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், அகலம் இறுக்கமான கேசிங்கில் கண்ணாடிக் கதவு வயரில் முட்டும்.

கழற்றும்போதுதான் எங்கள் வீட்டின் உப்பைப் பார்த்தேன். பழைய கார்டைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் சரியான அளவில் இல்லாவிட்டால் தலை வழுகிவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போர்டில் ஸ்லொட்டின் நுனியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொளுக்கியை அழுத்திக்கொண்டே கார்டை மேலே எடுக்க வேண்டும். விரல் போகாத இடம். பிளாஸ்டிக் அடிமட்டத்தால் அழுத்தினேன். ஸ்குரூ டிரைவரால் அழுத்தப் போய் வழுகிப் போர்டைக் கீறியவர்களை எனக்குத் தெரியும். ஃபேனில் இருந்த தூசு தூசாகவே இல்லை. ஈரம் ஏறி, களிமண்போல் ஒட்டியிருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சும் வைத்துத் துடைத்தேன்.

கார்ட் ஏறியது. இப்போது பவர் வயர்.

நான் பார்க்காமல் விட்டது இதைத்தான். 1050 டிஐக்குத் தனி வயரே தேவையில்லை. ஸ்லொட் தரும் 75 வாட்டில் அது வாழ்ந்துவிடும். 3060 க்கு 170 வாட். எட்டு ஊசி வயர் ஒன்று கேட்கிறது. என் பவர் சப்ளை கேசிங்கோடு சேர்ந்தே வந்தது, பக்கத்தில் 450 வாட் என்று பெரிய எழுத்து. 170 ஐ 450 தாங்காதா என்று நம்பியிருந்தேன். திறந்து பார்த்தால் விஜிஏக்கான வயரே அதில் இல்லை. சிபியுவுக்குப் போகும் எட்டு ஊசி வயர் இருக்கிறது, ஆனால் அது வேறு. சிபியு வயர் நான்கும் நான்குமாகப் பிரியும், விஜிஏ வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். ஊசிகளின் வடிவமே வேறு என்பதால் இலகுவில் ஏறாது. ஏறவில்லை என்று பலத்தைப் போட்டால் கார்ட் எரியலாம்.

அக்காவின் மகன் அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய், பழைய ஹார்ட் டிஸ்க் வயர் இரண்டைச் சேர்த்து எட்டு ஊசியாக்கும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தான். கடையில் இருந்தவர் பயமில்லாமல் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். போட்டோம். கொம்பியூட்டர் உயிர்பெற்றது. அன்று பின்னேரம் எடிட்டிங் பறந்தது, தாலி கட்டும் காட்சி தடக்காமல் ஓடியது. இரவு பத்து மணிக்கு முழு வீடியோவையும் ஒரே கோப்பாக்க ரெண்டர் போட்டேன். நான்காவது நிமிடம் திரை கறுத்து மெஷின் திரும்ப ஆரம்பித்தது. இன்னொரு தடவை போட்டேன், இரண்டாவது நிமிடம். மூன்றாம் தடவை போடுவதற்கு முன் ஒரு மணம் வந்தது, பிளாஸ்டிக் சுடும் மணம். சுவரிலிருந்து பிளக்கை இழுத்துவிட்டு அந்தக் கன்வெர்ட்டரைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் மஞ்சளாகியிருந்தது.

அக்காவின் மகன் முகம் வெளிறிப்போனான். "சித்தி, நான் வாங்கினதுதான் பிழையா?" என்றான். அவன் பிழை இல்லை. அளவு நாடா எடுத்து நீளம் அளந்த எனக்கு, அதே பெட்டிக்குள் இருந்த ஸ்டிக்கரை வாசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை மெஷினைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, கொம்பியூட்டர் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். அங்கே எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு நானா இருக்கிறார். கார்டைத் தன் மேசையிலிருந்த மெஷினில் போட்டு அரை மணித்தியாலம் ஓட்டினார். ஒன்றுமே ஆகவில்லை. பிறகு என் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைக் காட்டி, "தங்கச்சி, கார்ட்ல ஒரு பிழையும் இல்ல. இந்தப் பெட்டிக்குத்தான் ஏலாது," என்றார்.

அந்த ஸ்டிக்கரை எப்படி வாசிப்பது என்று அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 450 என்ற பெரிய இலக்கத்தை மறந்துவிட வேண்டும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த இலக்கம் வருகிறது. இன்றைய கொம்பியூட்டரில் சிபியுவும் விஜிஏயும் குடிப்பது 12 வோல்ட்டை. ஆகவே 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர், மொத்தம் எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். என்னுடையதில் 300 வாட். சிபியு முழு வேகத்தில் 88 வாட் வரை போகும், கார்ட் 170, ஃபேன்களும் டிஸ்க்குகளும் போர்டும் இன்னும் ஒரு 40. கூட்டிப் பார்த்தால் 298. கணக்கில் சரிபோல இருக்கிறது, ஆனால் விஜிஏ ஒரே சீராகக் குடிக்காது; கண் இமைக்கும் நேரத்துக்குள் தன் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும். அந்தத் துள்ளலைத் தாங்க இடம் வேண்டும். அதோடு ஐந்து வருடம் பழைய பவர் சப்ளை. தாங்காமல் அது தன்னை நிறுத்திக்கொண்டதால்தான் திரை கறுத்திருக்கிறது.

கன்வெர்ட்டர் பற்றியும் சொன்னார். எட்டு ஊசி வாய் 150 வாட் வரை இழுக்கலாம் என்றுதான் கட்டப்பட்டிருக்கிறது. மெல்லிய வயரோடு வரும் மலிவான கன்வெர்ட்டர்களில் தொடுகை சரியாக இராது, அங்கேதான் சூடு பிறக்கும். இன்றைய டிஸ்க்குகளுக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து எடுக்கும் கன்வெர்ட்டர் இதைவிட மோசம். ஒரு சாட்டா பவர் வாயிலிருந்து 12 வோல்ட்டில் கிடைப்பதே 54 வாட்தான். பவர் சப்ளையிலிருந்து நேராக விஜிஏ வயர் வரவில்லை என்றால், அந்தப் பவர் சப்ளை அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதல்ல.

550 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் ஒன்று எடுத்தேன். 80 பிளஸ் என்பது சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான அடையாளம்தான். பாதுகாப்புக்குச் சான்று இல்லை. ஆனாலும் அந்தச் சோதனைக்குப் போகிற பவர் சப்ளைகள் கேசிங்கோடு இலவசமாக வருகிறவற்றைவிட மேல் என்பதை என் கண்ணால் பார்த்தேன்: கையில் தூக்கினால் இரண்டு மடங்கு பாரம். என் 80,000 அன்றோடு முடிந்து, அதற்கு மேலும் போனது. பவர் சப்ளைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் கார்ட் பார்த்திருந்தால் வேறு கார்டும் வாங்கியிருக்கலாம், இரண்டு நாளும் போயிருக்காது.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். ரெண்டர் முடிந்தது. பழைய கார்டில் 47 நிமிடம் எடுத்த அதே அளவு வேலை 19 நிமிடத்தில். பெண் வீட்டாருக்குப் பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து யூபிஎஸ். கரண்ட் ஒரு நொடி போய் வந்தது, முன்பெல்லாம் பத்து நிமிடம் தாங்கும் யூபிஎஸ் கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் 650 விஏ என்று பெரிதாகவும் 360 வாட் என்று சின்னதாகவும் இருக்கிறது. சின்ன இலக்கம்தான் கணக்கு. ரெண்டர் ஓடும்போது மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து அந்த விளிம்பில் நிற்கின்றன, பற்றரியும் பழசு. பெரிய யூபிஎஸ் வாங்க இப்போது வசதியில்லை. விஜிஏயின் மின் எல்லையை எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் 80 வீதத்துக்கு இறக்கி வைத்தேன். ரெண்டர் நேரம் ஒரு நிமிடம்தான் கூடியது. சூடும் ஆறு பாகை குறைந்தது. மின்வெட்டு வரும் ஊரில், முப்பது பாகை அறையில், இந்தச் சின்ன மாற்றத்தை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

சூட்டுக்காகக் கேசிங் கதவைத் திறந்து வைப்பவர்களும் உண்டு. இங்கே வேண்டாம். பல்லி, எறும்பு, உப்புக் காற்று மூன்றும் உள்ளே போகும். முன்பக்கம் ஒரு ஃபேன் கூடுதலாகப் போட்டு, மேசையை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு நகர்த்தினேன்.

எல்லாம் செய்தும் ஒன்று சரியாகவில்லை. மூன்று கமராவையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கும்போது இன்னும் தடக்கியது. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் விஜிஏ 30 வீதத்தில் சும்மா இருக்கிறது, சிபியு 100, ஹார்ட் டிஸ்க் 100. வேலை நடக்கும் இடமே அங்கே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கான வீடியோக்களை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றி, புரொக்சி, அதாவது எடிட் பண்ணுவதற்கான பாரமில்லாத பிரதிகள், போட்டதும் பெரும்பாலும் தீர்ந்தது. இந்த டாஸ்க் மனேஜரைக் கார்ட் வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மெமரிப் பிரச்சினை உண்மையாகவே இருந்தது, அதனால் கார்டுக்குப் போட்ட காசு வீணில்லை. ஆனால் சிலருக்கு அந்தப் பார்வையிலேயே, தேவைப்படுவது விஜிஏ இல்லை என்று விளங்கிவிடும்.

அக்காவின் மகனுக்கு நிறைந்த சந்தோஷம். பிளெண்டரில் படத்தைக் கணக்கிடும் சைக்கிள்ஸ் பகுதியை, என்விடியா கார்டுகளுக்கான ஒப்டிக்ஸ் முறைக்கு மாற்றினால் கார்டில் ஒளிக்கதிர்க் கணக்குக்கென்றே இருக்கும் பகுதி வேலைக்கு வருகிறது. 1050 டிஐயில் அப்படி ஒரு பகுதியே இல்லை. அவன் கட்டியிருந்த கோயில் மண்டபக் காட்சி முன்பு இரவு முழுக்க ஓடும். இப்போது அவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் முடிகிறது.

பழைய 1050 டிஐயை உடனே விற்கவில்லை. என் ரைசனில் உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால், கார்ட் இல்லாவிட்டால் போர்டின் எச்டிஎம்ஐ வாயில் ஒன்றும் வராது; புதுக் கார்ட் நிலையாக நிற்கும் வரை பழையது கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் தோழி ஒருவர் கேட்டார். அவர் மகள் கட்டடக்கலை படிக்கப் போகிறாள், அலுவலகம் ஒன்றிலிருந்து கழித்துவிட்ட மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அந்த மாதிரி மெஷின்களில் பவர் சப்ளை சின்னது, விஜிஏ வயரும் இராது. 75 வாட்டில் ஸ்லொட்டிலிருந்தே ஓடும் கார்ட் அதற்கு ஏற்றது. ஆனால் சில அலுவலக மெஷின்கள் ஒடுக்கமானவை, முழு உயரக் கார்ட் ஏறாது.

அந்தப் பிள்ளையிடம் கேசிங் கதவைக் கழற்றி மூன்று படம் அனுப்பச் சொன்னேன்: ஸ்லொட், பின்தகட்டின் உயரம் அளவு நாடாவோடு, பவர் சப்ளையின் ஸ்டிக்கர். மூன்றும் வந்த பிறகுதான் கார்டைப் பொதி செய்தேன்.